மூன்றாம் கவுன்ட்டர் மூடப்பட்ட விவரம்

என் மதிப்புக்கும் அன்புக்கும், ஒருசில வருடங்களில் மட்டும் என் வயிற்றெரிச்சலுக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் மகளும் நலம். மனைவியின் முழங்கால் வலி இடது காலை விட்டு வலது காலுக்குப் போயிருக்கிறது. இடது கால் குணமானதாக அவள் எடுத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறாள். அங்கே தாங்களும் அக்காவும் பையன்கள் இருவரும் நலம்தானா என்று நான் கேட்கப்போவதில்லை. தங்கள் நாட்டில் வேலையில்லாதோர் விகிதம் மறுபடி நூற்றுக்கு ஒன்பதைத் தொட்டுவிட்டது என்று பேப்பரில் படித்தபோதே தாங்கள் மிக நன்றாக இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டேன்.

தங்கள் கடிதம் வந்தது. தங்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் புதிதாக இரண்டு கவுன்ட்டர் திறந்திருப்பதும், தங்களுக்குச் சுழல்நாற்காலி கொடுத்திருப்பதும், ஐந்தாம் கவுன்ட்டருக்கு அனுபவமுள்ள ஆள் தேடுவதால் நான் உடனே பெட்டி படுக்கையுடன் கிளம்பி வரவேண்டும் என்பதும் அறிந்தேன். கடிதத்தின் ஓரத்தில் அக்கா பென்சிலால், "டேய், வேலை போயிடுச்சாமே, என்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணலையா?" என்று கேட்டிருக்கிறாள். சொல்லத்தான் இந்தக் கடிதம். தாங்களே இதை அவளுக்கு வாசித்துக் காட்டவும். எதையும் முதலிலிருந்து சொன்னால்தான் அவளுக்குத் திருப்தி என்பது தாங்கள் அறிந்ததே. நான் கவுன்ட்டரில் தூங்கி மாட்டிக்கொண்டதாக அவள் சித்தி வீட்டில் சொல்லி வைத்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். அது உண்மையல்ல. தூங்கினேன், ஆனால் மாட்டிக்கொள்ளவில்லை.

முதலிலிருந்து என்றால், இரு நாட்டு வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கும் சேர்த்து ஒரு பயிற்சி நடத்தினார்களே, அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். விடுதியில் தாங்களும் நானும் ஒரே அறை. தாங்கள் குறட்டை விடாத ஒரே காரணத்துக்காகத் தங்களை என் அக்காவுக்குப் பார்த்து முடித்தேன். அப்போது இரண்டு நாட்டிலும் விகிதம் ஒன்றுதான், நூற்றுக்கு ஆறு. கணக்கு டீச்சரான அக்கா அதைக் கேட்டுவிட்டு இது நல்ல பொருத்தம் என்றாள். கல்யாணமாகி அவள் அங்கே வந்த அடுத்த வருடமே தங்கள் ஊரில் கப்பல் கட்டும் தளத்தை மூடினார்கள். தங்கள் அலுவலக வரிசை வாசலைத் தாண்டித் தெருமுனை வரை போனது. தங்களுக்குப் பதவி உயர்வு. அக்கா துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து அனுப்பினாள். அந்த வருடம் இங்கே விகிதம் நான்கு. என் மனைவி அந்தப் போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, "அங்க மட்டும் எப்படிங்க ஏறுது?" என்று என்னைக் கேட்டாள், நான்தான் இறக்கி வைத்திருப்பது போல. பிறகு காற்று திசை மாறியது. இங்கே ஓட்டுத் தொழிற்சாலை போனது, அதன் பின்னாலேயே பிஸ்கட் தொழிற்சாலை போனது, எங்கள் விகிதக் கோடு மேலே ஏற ஏறத் தங்கள் கோடு கீழே இறங்கியது. எனக்கு மூன்றாம் கவுன்ட்டர் நிரந்தரமாகக் கிடைத்து, வீட்டுக்கு வெள்ளையடித்தோம். தாங்கள் அந்த இரண்டு வருடமும் எழுதிய கடிதங்களில் பாதி, அலுவலகத்தில் ஈ அடித்த விவரம். ஒரு விடுமுறையில் அக்கா பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரு நாட்டுக் கோடுகளையும் வரைந்து பார்த்தாள். ஒன்று ஏறும்போது ஒன்று இறங்கி, நடுவில் வெட்டிக்கொண்டு, அசல் கத்தரிக்கோல் மாதிரியே இருந்தது. "உங்க ரெண்டு பேர் சம்பளமும் இதுல மாட்டியிருக்கு, பார்த்து இருங்க" என்றாள்.

பார்த்துத்தான் இருந்தோம், அந்தக் கல்யாண வீட்டைத் தவிர. என் ஒன்றுவிட்ட தங்கையின் கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தியில் தாங்கள் என் தோளைத் தட்டி, "என்ன மச்சான், எட்டைத் தாண்டிட்டீங்களாமே" என்று கேட்க, நான் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, "எல்லாம் உங்க ஆசீர்வாதம் அத்தான், வருஷக் கடைசிக்குள்ள ஒன்பது வந்துடும்னு நம்புறோம்" என்றேன். நமக்குப் பின்னால் கையில் தட்டுடன் நின்றிருந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. ஓட்டுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து வேலை போனவர். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளை வீட்டாரை ஒரு பக்கமாகக் கூப்பிட்டதும், பெண்ணின் அப்பா ஓடி வந்து சமாதானம் பேசியதும், நம் இருவரையும் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் தனியாக உட்கார வைத்துப் பரிமாறியதும் தங்களுக்கு மறந்திருக்காது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அந்தப் பெரியப்பா அதற்கு மறுவாரம் என் கவுன்ட்டருக்கே வந்தார். நான் எழுந்து நின்று டோக்கன் கொடுத்தேன். கிடங்குக் கணக்கர் வேலை ஒன்று வந்தபோது முதலில் அவரைத்தான் அனுப்பினேன். பிறகு நல்ல மாதிரியாகப் பேசினார்.

இப்போது நடந்தது போன வருடம் ஆரம்பித்தது. தங்கள் ஊரில் மெத்தைத் தொழிற்சாலையை மூடினார்கள் அல்லவா, அந்த இயந்திரங்கள்தான் லாரி லாரியாக எல்லை தாண்டி இங்கே வந்து இறங்கின. ஆள் எடுத்தார்கள். அதைப் பார்த்துக் குளிர்பதனக் கிடங்கு ஒன்று வந்தது. அவர்களும் ஆள் எடுத்தார்கள். அங்கே தங்கள் வரிசை நீள நீள இங்கே எங்கள் வரிசை குட்டையானது. முதலில் காத்திருப்போர் அறையில் நிற்க இடமில்லாத நிலை போய் எல்லோருக்கும் நாற்காலி கிடைத்தது. பிறகு ஆளுக்கு இரண்டு நாற்காலி கிடைத்தது. பிறகு நாற்காலிகளை அடுக்கி ஒரு மூலையில் வைத்துவிட்டு, டோக்கன் இயந்திரத்தின் மேல் காவலாளி தன் மதியச் சாப்பாட்டை வைக்க ஆரம்பித்தார். முதல் கவுன்ட்டர்காரரை நிலப்பதிவு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். இரண்டாம் கவுன்ட்டர்காரர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போனார். மிச்சம் இருந்தது மேலாளர் மேடம், நான், காவலாளி, வாசலில் தள்ளுவண்டி வைத்திருக்கும் டீக்கடைக்காரம்மா. அப்போதுதான் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பதிவில் ஒருவர்கூட இல்லாமல் ஒரு மாதம் போனால் அந்த அலுவலகம் மூடப்படும். மேடம் அதை எங்கள் மூவருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எங்கள் பதிவில் அன்றைக்கு ஒரே ஒருவர்தான் மிச்சம்.

அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் நிரந்தரம். அவருக்கும் அது தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார். ஒல்லியாக, மெதுவாகப் பேசுகிற, சட்டைப் பித்தான் எல்லாம் ஒழுங்காகப் போட்ட மனிதர். அவருக்கு வேலை கிடைக்காமல் இல்லை, கிடைத்த வேலை நிற்காது. காரணம், அவருக்குப் பொய் வராது. செருப்புக் கடைக்கு அனுப்பினேன். விலை உயர்ந்த ஜோடியைப் போட்டுப் பார்த்தவரிடம், "இது ரெண்டு நாள்ல கடிக்கும்ங்க, எடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். தங்கும் விடுதியில் வரவேற்பாளராகப் போட்டார்கள்; சாவியைக் கொடுக்கும்போதே குழாய் சொட்டுகிற விஷயத்தையும் சேர்த்துக் கொடுத்தார். போட்டோ ஸ்டூடியோவில், படம் நன்றாக வரவில்லை என்று சண்டைக்கு வந்த அம்மாளிடம் மிகுந்த வருத்தத்துடன், "கேமரா மேல தப்பில்லைங்க" என்றார். ஒவ்வொரு முறையும் அடுத்த திங்கட்கிழமையே என் கவுன்ட்டருக்குத் திரும்பி வந்து, என்ன நடந்தது என்று ஒளிக்காமல் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவர் மனைவி சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். அந்த ஒரு வருமானத்தில்தான் வீடு.

சுற்றறிக்கை வந்த பிறகு நாங்கள் அவரைப் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொன்னால் தாங்கள் சிரிப்பீர்கள். காவலாளி அவருக்குக் கேட்டை முழுதாகத் திறந்துவிட ஆரம்பித்தார். மேலதிகாரிகளுக்குக்கூட அவர் பாதிதான் திறப்பார். மேடம் தன் அறை மின்விசிறியை அவர் உட்காரும் பெஞ்சுப் பக்கமாக மாற்றிப் போடச் சொன்னார். டீக்கடைக்காரம்மா டீக்குக் காசு வாங்குவதை நிறுத்தினார். ஒரு வாரம் கையெழுத்துப் போடும் நாளில் அவர் வரவில்லை. பத்தரை மணி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, மேடமும் நானும் அலுவலக வேலையாக வெளியே செல்வதாகப் பலகையில் எழுதி வைத்துவிட்டு, பழம் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனோம். சாதாரண ஜலதோஷம்தான். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தவர், "நான் போயிட்டா ஆபீசை மூடிடுவாங்கன்னு பயந்து வந்திருக்கீங்க, அதானே மேடம்?" என்று கேட்டார். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை, விவரம் கேட்பது போலத்தான் கேட்டார். மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. பழத்தை வைத்துவிட்டு வந்தோம்.

இப்படி நாலைந்து மாதம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு திங்கட்கிழமை காலைத் தபாலில் அந்தக் கார்டு வந்தது. மெத்தைத் தொழிற்சாலை அனுப்பியது. வாசகம் எனக்கு மனப்பாடம், அப்படியே எழுதுகிறேன்: "எங்கள் எல்லா ரக மெத்தைகளிலும் படுத்துப் பார்த்து, உள்ள குறையை உள்ளபடி சொல்ல ஒருவர் தேவை. முன் அனுபவம் அவசியமில்லை. தயவு தாட்சண்யம் பார்ப்பவராக இருக்கக்கூடாது." நான் அதைப் படித்துவிட்டு மேடத்தின் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் படித்துவிட்டு இரண்டு கையாலும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இது அவருக்குன்னே எழுதின மாதிரி இருக்கே" என்றார். நான் ஆமாம் என்றேன். "உங்க கவுன்ட்டர், நீங்களே முடிவு பண்ணுங்க" என்று சொல்லி, தபால் தலைகளை எண்ணி அடுக்க உட்கார்ந்துவிட்டார்.

அன்று, நிரந்தரம் மதியம் கையெழுத்துப் போட வரவேண்டிய நாள். நான் கார்டைக் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்தேன், எடுத்தேன், இழுப்பறையில் போட்டேன், மறுபடி எடுத்தேன். விஷயம் காவலாளி வழியாக வாசலுக்குப் போய், டீக்கடைக்காரம்மா இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கவுன்ட்டருக்கு முன்னால் வந்து நின்றார். கையைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "கொடுக்க வேணாம்னு நான் சொல்லல சார். அடுத்த வாரம் கொடுங்களேன்" என்றார். அடுத்த வாரத்துக்குள் அந்த வேலைக்கு வேறு யாராவது போய்விடுவார்களே என்றேன். "அதைத்தான் சார் நானும் சொல்றேன்" என்றார். அவரைத் தப்பு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் காலையிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போன் போட்டு மனைவியிடம் சொன்னேன். ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்ற நினைப்பு. அவள் முழுவதும் கேட்டுவிட்டு, "நாளைக்கு அந்தச் சலவைக் கடைக்காரியை மார்க்கெட்ல பார்த்தா நான் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கிறது? கொடுத்துட்டு வாங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு யோசிக்க எதுவும் இல்லாமல் போய்விட்டது. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அவர் வந்தார். வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டார். நான் கார்டைக் கண்ணாடித் தடுப்பின் கீழ் இடுக்கு வழியாகத் தள்ளினேன். எடுத்து நிதானமாகப் படித்தார், திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

"சார், இது எனக்குச் சரியா வரும்."

"வரும்."

"நான் போனா இந்தக் கவுன்ட்டரை மூடிடுவாங்களே."

"மூடிடுவாங்க."

"உங்களுக்குக் கஷ்டமா இல்லையா சார்?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த மனிதர் முன்னால் நின்றால் யாருக்கும் பொய் வராது போலிருக்கிறது. "இருக்கு. காலையிலேருந்து இந்தக் கார்டைக் கொடுக்கவே மனசு வரல" என்றேன்.

அவர் கார்டை மடிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "எனக்கும் கஷ்டமாத்தான் சார் இருக்கு. ஆனா வேலை கிடைக்கப்போற சந்தோஷம் அதைவிட அதிகமா இருக்கு. இல்லைன்னு சொன்னா பொய்யாயிடும்" என்றார்.

இருவரும் சிரித்துவிட்டோம். மேடம் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் எழுந்து, பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கி வாசல் வரை கொண்டுபோய் விட்டேன். காவலாளி கேட்டை முழுதாகத் திறந்தார், இந்தத் தடவை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

வேலை அவருக்கு அன்றே கிடைத்தது. முதலாளி தன் கம்பெனியிலேயே ஒசத்தியான மெத்தையைக் காட்டிப் படுக்கச் சொன்னாராம். இவர் கண்ணை மூடிப் படுத்திருந்துவிட்டு எழுந்து, "வலது பக்கம் பள்ளம் விழுதுங்க. இதுல படுக்கிற புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் ராத்திரி முழுக்க ஒருத்தர் மேல ஒருத்தர் உருண்டு, காலையில சண்டை போட்டுக்கிட்டுத்தான் எழுந்திருப்பாங்க" என்றாராம். முதலாளியின் மனைவி பக்கத்தில் நின்றிருந்தவர், அப்படியா விஷயம் என்று முதலாளியைத் திரும்பிப் பார்த்தாராம். அப்போதே உத்தரவு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மாதம் முடிந்தது, மூடும் உத்தரவு வந்தது. மேடம் கடைசி நாளன்று ஒரு சிறிய உரை நிகழ்த்தினார். கேட்டவர்கள் நானும் காவலாளியும்தான் என்றாலும் எழுந்து நின்று, கனவான்களே என்று ஆரம்பித்துப் பேசினார். நாட்டில் இந்தப் பகுதியில் எல்லோருக்கும் வேலை கிடைத்துவிட்டது, இதைவிட ஒரு அலுவலகத்துக்கு என்ன பெருமை வேண்டும் என்று முடித்தார். காவலாளி கை தட்டினார். பிறகு சாவியை ஒப்படைக்க மேடம் தலைமையகத்துக்குக் கிளம்பினார். போகும்போது தன் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, இன்று மாலையோடு நாம் மூவரும் வேலையில்லாதவர்கள், ஆகையால் அலுவலகம் இருக்கும்போதே நம் மூவர் பெயரையும் முறைப்படி பதிவு செய்துவிடுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் பெயரையும் காவலாளி பெயரையும் எழுதுவது சுலபமாக இருந்தது. என் பெயரை எழுதும்போதுதான் சங்கடம். விண்ணப்பதாரர் கவுன்ட்டருக்கு வெளியே நின்று கையெழுத்துப் போடவேண்டும், அலுவலர் உள்ளே உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும் என்பது விதி. விதியைக் கடைசி நாளில் மீறுவானேன் என்று, வெளியே போய் விண்ணப்பத்தை இடுக்கு வழியாக உள்ளே தள்ளிவிட்டு, சுற்றிக்கொண்டு உள்ளே வந்து அதை எடுத்துப் பார்த்தேன். ஒரு கட்டம் நிரப்பப்படவில்லை. மறுபடி வெளியே போய் நிரப்பினேன். உள்ளே வந்தால் பேனா வெளியே. மூன்றாம் தடவை உள்ளே வந்து உட்கார்ந்தபோது வாயில் தன்னாலேயே, "நாளைக்கு வாங்க" என்று வந்துவிட்டது, பழக்கதோஷம். அத்தான், இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டால் அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. முந்தைய வேலையை விட்டதற்கான காரணம் என்ற கட்டத்தில், வேலையைச் சரியாகச் செய்ததால் என்று எழுதினேன். உள்ளே வந்து அதைப் படித்துவிட்டு, சரி என்று குறி போட்டேன்.

இரண்டு வாரம் வீட்டில் இருந்தேன். அதைப் பற்றி விரிவாக எழுத விருப்பமில்லை, மனைவிக்கும் அதே கருத்து. சமையலறை அலமாரியில் டப்பாக்களை அகர வரிசைப்படி மாற்றி வைத்ததில்தான் பிரச்சினை முற்றியது. காற்று வாங்கிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினாள். கால் போன போக்கில் போய் மெத்தைத் தொழிற்சாலை வாசலில் நின்றேன். நமது டீக்கடைக்காரம்மா தள்ளுவண்டியை அங்கே மாற்றியிருந்தார். ஷிப்ட் விடுகிற நேரம், வண்டியைச் சுற்றி ஒரே கூட்டம். என்னைப் பார்த்ததும், "சும்மாதானே நிக்கிறீங்க சார், இந்தக் கிளாஸ்களைக் கொஞ்சம் பிடிங்க" என்று நீட்டினார். பிடித்தவன்தான், இன்னும் கீழே வைக்கவில்லை.

அத்தான், நான் நன்றாக இருக்கிறேன். இதைத்தான் இத்தனை பக்கம் சுற்றி வளைத்துச் சொல்ல வந்தேன். வண்டியில் எனக்குப் பங்கு கொடுத்திருக்கிறார். வியாபாரம் நடக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் முன்பு என் கவுன்ட்டரில் நின்றவர்கள். அப்போது முகத்தைப் பார்க்காமல் பதிவெண்ணைக் கேட்டேன், இப்போது சர்க்கரை எவ்வளவு என்று கேட்கிறேன். யாருக்காவது மச்சினனுக்கு வேலை வேண்டுமென்றால் டீ குடித்துக்கொண்டே சொல்கிறார்கள், எங்கே ஆள் வேண்டும் என்பதும் அங்கேயே காதில் விழுகிறது, இரண்டையும் சேர்த்து வைக்கிறேன். விண்ணப்பமும் இல்லை, டோக்கனும் இல்லை. நிரந்தரம் தினம் இரண்டு வேளை வந்து, டீயைக் குடித்துவிட்டு அதன் குறையைச் சொல்லிவிட்டுப் போகிறார். அதனால் டீ நாளுக்கு நாள் நன்றாகிக்கொண்டு வருகிறது. அவர் மனைவிக்கு ஒரு நல்ல சேலை எடுத்துக் கொடுத்திருப்பதாக என் மனைவி மார்க்கெட்டில் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். தொழிற்சாலையில் அவர் கழித்த மெத்தை ஒன்று எங்களுக்குச் சகாய விலையில் கிடைத்தது. எந்த இடத்தில் குறை என்று அவரே வீட்டுக்கு வந்து காட்டிவிட்டுப் போனார், அந்த இடத்தில் தலையணையை வைத்துக்கொண்டு சுகமாகத் தூங்குகிறோம். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பி, மகள் நர்ஸிங் பாடத்துக்காக எலும்புகளின் பெயரை ஒப்பிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதற்கு முன் பல வருடங்களாக எனக்கு இப்படி ஒரு சாயங்காலம் வாய்த்ததில்லை.

ஆகையால் ஐந்தாம் கவுன்ட்டர் எனக்கு வேண்டாம். தங்கள் அன்புக்கு நன்றி, கோபித்துக்கொள்ளக் கூடாது. அடுத்தவன் வேலை போனால் நமக்கு வேலை என்று பேப்பரைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற பிழைப்பு போதும் என்று ஆகிவிட்டது. இனிமேல் தலைமையகமே மேளதாளத்துடன் வந்து கூப்பிட்டாலும் நான் கண்ணாடிக்கு உள்ளே போய் உட்காரப்போவதில்லை, இதை அக்காவிடம் அழுத்திச் சொல்லவும். தாங்களும் அந்தச் சுழல்நாற்காலியை ரொம்ப நம்ப வேண்டாம். கோடு ஏறியது போலவே இறங்கும். இறங்கும்போது பயப்படாதீர்கள், வெளியே வந்து பார்த்தால் ஒன்றும் ஆகிவிடுவதில்லை.

தங்கள் நாட்டில் எல்லோருக்கும் சீக்கிரம் வேலை கிடைக்கவும், அதனால் தங்கள் வேலைக்கு எந்தப் பங்கமும் வராதிருக்கவும் ஒருசேர வேண்டிக்கொள்கிறேன். எது எப்படி நடக்கும் என்பதை மேலே உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அக்காவுக்கு என் அன்பு. பையன்கள் நன்றாகப் படிக்கவும், படித்த படிப்புக்கும் பார்க்கிற வேலைக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கவும் மாமனின் ஆசிகள்.

இப்படிக்கு,
எதற்கும் குறையில்லாத,
தங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் சமயத்தில் மேடத்திடமிருந்து போன் வந்தது. எங்களைப் போலவே நாடு முழுவதும் அலுவலகங்களை மூடியதில், அத்தனை ஊழியர்களும் கடைசி நாளன்று தங்கள் பெயரைத் தாங்களே பதிவு செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விகிதம் ஒரே மாதத்தில் ஏறிவிட்டது. தலைமையகம் அரண்டுபோய் எல்லா அலுவலகங்களையும் உடனே திறக்கச் சொல்லியிருக்கிறது. வருகிற திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்ள முடியுமா என்று மேடம் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் நான் சரி மேடம் என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. மனைவி பக்கத்து அறையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆகையால் மேலே கண்ணாடி, பிழைப்பு, மேளதாளம் ஆகியவற்றைப் பற்றி எழுதியிருப்பதை அக்காவுக்கு வாசிக்காமல் தாண்டிவிடவும். ஒரே ஒரு சிக்கல். நாங்கள் மூவரும் வேலையில் சேர்ந்துவிட்டால் பதிவில் மறுபடி யாரும் இருக்க மாட்டார்கள், அடுத்த மாதமே மூடிவிடுவார்கள். எங்களில் ஒருவர் வேலையில்லாமல் இருந்தால் போதும் என்று மேடம் யோசனை சொன்னார், காவலாளி ஒப்புக்கொள்ளவில்லையாம். தங்களிடம்தான் நிறையப் பேர் இருக்கிறார்களே அத்தான், அதில் ஒருவரை இங்கே அனுப்பி வைக்க முடியுமா? எந்த வேலையும் தெரியாதவராக இருந்தால் நல்லது. இங்கே நன்றாகக் கவனித்துக்கொள்வோம்.